ஏலக்காய் மணக்கும் அட்டைகள்

அத்தியாயம் 9

மறையூர் செக்போஸ்ட்டில் எங்கள் ஜீப்பைச் சோதனை போட்ட வனக்காவலருக்கு மூக்குதான் உத்தியோகம். சந்தனக் கட்டையை அரிசி மூட்டைக்குள் புதைத்துக் கொண்டுபோனாலும் கண்டுபிடித்துவிடுவாராம். ஸ்டெப்னி டயரை முகர்ந்தார். என் டிபன் டப்பாவை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். கடைசியாக, ஜானகியம்மாள் மடியில் வைத்திருந்த பிஸ்கட் தகரத்தைத் திறக்கச் சொல்லி அதற்குள்ளும் மூக்கை விட்டார்.

"சந்தனம் இல்லா," என்றார். "ஏலக்காய். பின்னே கொஞ்சம் புகை. ஏலக்காய்க்கு இவிடெ செக்கிங் இல்லா சேச்சி. போய்க்கோ."

நான் கியரைப் போட்டேன். ஜானகியம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏப்பா சுவக்கீனு, அவரு இப்ப என்ன சொன்னாரு?"

"போகச் சொன்னாரும்மா. காக்கிச்சட்டை போட்ட ஒருத்தர் நம்மளப் போகச் சொல்லுதது இதுதான் மொதத் தடவ. நீங்க நிக்கச் சொல்லுதீக."

"அதுக்கு முந்தி."

"ஏலக்காய்னாரு."

"இந்தத் தகரத்துல என்ன இருக்குது?"

"ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் அட்டை."

"அட்டையில எப்படியப்பா ஏலக்காய் வாசம் வரும்?"

"மாரப்பன் சார் பாயசத்தையும் கணக்கையும் ஒரே மேசையில வச்சிருப்பாரு," என்றேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. அட்டை அட்டையாக எடுத்து முகர்ந்துகொண்டிருந்தார். வனக்காவலர் தன் வேலைக்குப் போட்டி வந்துவிட்டதோ என்று பார்த்தார்.

என் பெயர் சுவக்கீன். பள்ளிவாசல் எஸ்டேட்டில் பிறந்தவன், பாலக்காட்டில் ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவன். ஜானகியம்மாள் இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தவர். எரிந்துபோன கடை தானாக எரிந்ததா, முதலாளி எரித்ததா என்று சாம்பலைப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. இப்போது ஊரார் தங்கள் தொல்லைகளை அவரிடம் கொண்டுவருகிறார்கள். அவருக்கு டிரைவரும் நான்தான், அசிஸ்டென்ட்டும் நான்தான், திட்டு வாங்குகிறவனும் நான்தான்.

இந்த 1978 ஜூலையில் வந்த தொல்லையின் பெயர் மாரப்பன். கொழிஞ்சாம்பாறை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சித்திரபுரத்தில் ஒரு தனியார் கம்பெனியில் இன்ஜினியர். எஸ்டேட்டுகளில் மலைச்சரிவுக்குச் சரிவு மூட்டை இழுக்கும் ரோப்வேக்களுக்குக் கணக்குப் போடுவது அவர் வேலை. போன மாதம் அவர் கணக்குப் போட்ட ரோப்வே ஒன்றின் கோபுரம் மடங்கி விழுந்தது. கயிற்றில் தொங்கும் தொட்டியில் போன இரண்டு தொழிலாளிகள் செத்துப்போனார்கள்.

கணக்கைக் கோயம்புத்தூரில் ஒரு புது கம்ப்யூட்டரில் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். அதே புரோகிராம், அதே அளவுகள். விடை வேறு. மாரப்பனின் காகிதத்தில் இருந்த இரும்பு போதாது என்று புது மெஷின் சொன்னது. அப்படியானால் கோபுரம் கட்டிய கான்ட்ராக்டர் இரும்பை மிச்சம் பிடிக்க மாரப்பன் விடையைத் திருத்தி எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டி, பொய்க்கணக்கு கேஸ் போட்டு சப்ஜெயிலில் வைத்துவிட்டார்கள்.

மாரப்பன் சொன்னது ஒன்றுதான்: "எங்கள் பழைய மெஷினில் ஓட்டிப் பாருங்கள்." மெஷின் அங்கேயே இருக்கிறது. கம்பைலர்தான் இல்லை.

கம்பைலர் என்றால் என்ன என்று எனக்கும் நேற்று வரை தெரியாது. இன்ஜினியர் எழுதும் சூத்திரம் மெஷினுக்குப் புரியாதாம். இடையில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு துபாஷி வேண்டும். இந்தப் பழைய மெஷினுக்கு அந்தத் துபாஷி, ஓட்டை போட்ட ஆயிரத்து நூற்று நாற்பது அட்டைகள் கொண்ட ஒரு கட்டு. அதை முதலில் மெஷினுக்கு ஊட்டிவிட்டுத்தான் மற்ற அட்டைகளை ஊட்ட வேண்டும். அதைச் செய்த அமெரிக்கக் கம்பெனி, புது மெஷின்களுக்குப் புது கம்பைலர் வந்ததும் இதைக் கைகழுவிவிட்டது. போன மாதம் இந்தியாவையே கைகழுவிவிட்டுக் கப்பலேறிவிட்டது. ஆக நமக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது ஒரே ஒரு கட்டு. விபத்து நடந்த மூன்றாம் நாள் அது மெஷின் ரூமிலிருந்து காணாமல் போய்விட்டது.

நாளைக் காலை பதினோரு மணிக்கு விசாரணை அதிகாரி சித்திரபுரம் மெஷின் ரூமுக்கே வருகிறார். கட்டு இருந்தால் ஓட்டிப் பார்ப்பார். இல்லாவிட்டால் கோயம்புத்தூர் விடையை எழுதி ஃபைலை மூடிவிடுவார். மாரப்பன் ஆயுசுக்கும் பொய்க்கணக்குக்காரன்தான்.

நேற்று எங்களைத் தேடி வந்தது மாரப்பனின் மனைவி மயிலாத்தாள். அழுது முடித்த முகம். பிஸ்கட் தகரத்தை மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு வாரமா ஜெயில் செவுத்துல கரித்துண்டுல கணக்குப் போட்டுட்டே இருந்தாருங்க," என்றார். "சாப்பாடு கொண்டுபோனாக்கூட திரும்பிப் பாக்கல. முந்தாநேத்துப் போனப்ப கரித்துண்டைத் தூக்கி எறிஞ்சுட்டு சும்மா உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. கம்பைலர் கட்டை எப்படியாச்சும் தேடிப் புடிக்கச் சொல்லு மயிலா, அதுக்கு நடுவுல நீலக்கரை அட்டை ஒண்ணு இருக்கும், அதை மட்டும் யாரும் உருவிடாம பாத்துக்கச் சொல்லுன்னாரு."

"பொண்ணு பாக்கப் போறவன்கிட்ட மச்சத்தைச் சொல்லி அனுப்பின மாதிரி," என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

தகரத்தில் இருந்தது மாரப்பனின் சொந்த புரோகிராம் அட்டைகள். ஒவ்வொரு அட்டையின் தலையிலும் நீலக்கரை. ஆபீஸ் அட்டை மழைக்காலத்தில் உப்பிவிடுகிறது என்று கோயம்புத்தூரிலிருந்து தானே வரவழைத்தவையாம். கட்டின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை கோணலாக ஊதா மையில் ஒரு கோடு. கட்டு கீழே விழுந்து கலைந்தால், கோடு நேராக வருகிறவரை அடுக்கினால் போதும், வரிசை வந்துவிடும். கூடவே பென்சிலில் எழுதிய ஒரு தாள். பூச்சியங்களின் வயிற்றில் எல்லாம் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தது.

"பூச்சியத்தை ஏன் அடிச்சு வச்சிருக்காரு?" என்று கேட்டேன்.

"மெஷின்காரங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்களாங்க. ஓங்கிற இங்கிலீஷ் எழுத்தோட குழம்பக் கூடாதுன்னு. எங்கூட்டுல பால் கணக்குக்கூட அப்படித்தான்," என்றார் மயிலாத்தாள். அதைச் சொல்லும்போதுதான் மறுபடி அழ ஆரம்பித்தார்.

இவ்வளவும் நேற்றைய கதை. இப்போது மறையூர் ரோட்டில் ஜானகியம்மாள் தகரத்தை மூடினார்.

"சுவக்கீனு, நீ இந்த மலையில பொறந்தவன்தானே. ஏலக்காயும் புகையும் சேந்து எங்க இருக்கும்?"

"ஏலக்காய் ஸ்டோர்லம்மா. அடுப்பெரிச்சு, குழாய் வழியா ரூமுக்குள்ள சூட்டை விட்டு, தட்டுல பச்சைக் காயைப் பரத்தி வாட்டுவாக."

"சித்திரபுரத்துல ஆடி மாசம் எப்படி இருக்கும்?"

"தீக்குச்சி உரசினாலும் பத்தாது. சட்டை காய ஒரு வாரமாகும். அட்டைன்னா..." நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். "அட்டையைக் காய வைக்கக் கொண்டுபோயிருக்காக!"

"ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றார். "இந்தக் கட்டை எங்க காய வச்சாங்களோ, காணாமப் போன கம்பைலர் கட்டையும் அங்கதான் காய வச்சிருப்பாங்க."

*

கம்பெனி முதலாளி கெட்டிக்காரர். பவர் ஹவுஸ் பக்கத்தில் இருந்தால் கரண்ட் போகாது, மலைக் குளிரில் ஏ.சி. மெஷின் தேவைப்படாது என்று கணக்குப் போட்டு, செகண்ட் ஹாண்டில் வாங்கிய கம்ப்யூட்டரைச் சித்திரபுரத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார். மழையை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். நாங்கள் போனபோது மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே போய் இன்னொரு ஜன்னல் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

கேட்டில் தகரக் கூரைக்கடியில் ஸ்டூல் போட்டு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். பெயர் சங்கையா. அறுபது வயதிருக்கும். எழுந்திருக்கவில்லை.

"போலீஸா?"

"இல்லீங்க. மாரப்பன் ஊட்டுல இருந்து அனுப்பிச்சாங்க," என்றார் ஜானகியம்மாள். "மழைக்காலத்துல அட்டையெல்லாம் எங்க காய வைப்பாங்க?"

"ஷுக்கூர் சார்தான் கொண்டுபோவாரு. மெஷின் ஓட்டுத ஆபரேட்டரு. அவுக அக்கா உடும்பஞ்சோலையில ஏலக்காய் ஸ்டோர் வச்சிருக்காக. சனிக்கிழமையானா ரெண்டு தகரப்பெட்டி, பஸ்ஸு. திங்கக்கிழமை வந்துருவாரு. ரோப்வே விழுந்த மூணாம் நாளும் பெட்டியோட போனாரு. அன்னைக்குச் சனிக்கிழமை இல்ல. அப்புறம் வரவே இல்ல. மேலுக்குச் சொகமில்லன்னு லீவு லெட்டர் வந்துச்சு."

"இதைப் போலீஸ்கிட்ட சொல்லலீங்களா?"

"அவுக கேக்கலையே. கான்ட்ராக்டர் எத்தனை தடவ வந்தான்னுதான் கேட்டாக."

நான் ஜீப்புக்குத் திரும்பிவிட்டேன். தடயம் கிடைத்தது, கிளம்ப வேண்டியதுதானே. ஜானகியம்மாள் நகரவில்லை. சங்கையாவின் சட்டையில் குத்தியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க?"

"எந்தம்பி. சுடலை. அந்தத் தொட்டியில போன ரெண்டு பேர்ல ஒருத்தன்."

மழை தகரத்தில் பெய்துகொண்டிருந்தது.

"மாரப்பன் சார் களவாணித்தனம் பண்ணியிருந்தா உள்ளயே கெடக்கட்டும்," என்றார் சங்கையா. குரல் உயரவில்லை. "தப்பாப் போச்சுன்னா, என் முன்னால வந்து நின்னு, தப்பாப் போச்சுன்னு சொல்லணும். ஒரு மாசமா இந்தக் கேட்டைத் தாண்டி எத்தனையோ பேரு போயிட்டு வந்துட்டாக. எல்லாரும் என்கிட்ட கேக்கத்தான் கேக்காக. ஒருத்தரும் எதுவும் சொல்லல. நீங்களும் கேக்கத்தானே வந்தீக?"

"ஆமாங்க," என்றார் ஜானகியம்மாள். "கேக்கத்தான் வந்தோம்."



*

உடும்பஞ்சோலை ஏலக்காய் ஸ்டோரின் சொந்தக்காரி கௌலத், வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயது, முக்காடு, கையில் விறகுக்கட்டை.

"தம்பியா? என் தம்பி இங்க வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பாலக்காட்டுல இருப்பான். இல்லேன்னா ஆஸ்பத்திரியில இருப்பான். எனக்கென்ன தெரியும்?"

"அப்படிங்களா," என்றார் ஜானகியம்மாள். "வெளியில மழைங்க. ஒரு நிமிஷம் உள்ள நின்னுட்டுப் போயிடறோம்."

மழையில் நிற்கிற பெண்பிள்ளையைப் போகச் சொல்ல கௌலத்துக்கு மனம் வரவில்லை. உள்ளே விட்டார். முன்கூடம் கதகதவென்று இருந்தது. வாட்டும் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டுப் பலகை. அடுப்பின் சூட்டை மணிக்கு மணி எழுதி வைக்கிற பலகை.

"சூடு எழுதறது யாருங்க?"

"அடுப்புக்காரன். தோட்டத்து ஆளு."

"நெம்ப நல்லா எழுதறாரு. கம்ப்யூட்டர் படிச்சவருங்களா?"

நான் அப்போதுதான் பார்த்தேன். நூற்றுப் பத்து, நூற்று இருபது, நூற்று இருபது. சாக்பீஸில் எழுதிய ஒவ்வொரு பூச்சியத்தின் வயிற்றிலும் குறுக்கே ஒரு கோடு. கடைசியாக எழுதியது இன்று பகல் இரண்டு மணிக்கு.

கௌலத் பலகையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கையிலிருந்த விறகைக் கீழே போட்டார்.

"ஷுக்கூரே," என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "வெளிய வா தம்பி. நீ எழுதினது போதும்."

அடுப்புப் பக்கத்திலிருந்து கரி பூசிய முகத்தோடு ஒருவர் வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். ஓடப் பார்க்கவில்லை. "போலீஸுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"மயிலாத்தா அனுப்பிச்சாங்க," என்றார் ஜானகியம்மாள்.

அதைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கு, போலீஸ் என்று சொல்லியிருந்தால்கூடப் போயிருக்காது. வாட்டும் அறையைத் திறந்துவிட்டார். தட்டுத் தட்டாகப் பச்சை ஏலக்காய். மேல் தட்டில் இரண்டு தகரப்பெட்டிகள். அதற்குள் இருந்தது கம்பைலர்.

ஜானகியம்மாள் பெட்டிகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து அட்டைகளின் மேல்விளிம்பைப் பார்த்தார். அதே மாதிரி ஊதாக் கோடு, கோணலாக, ஒரு பெட்டியில் ஆரம்பித்து அடுத்த பெட்டியில் முடிந்தது. இரண்டாவது பெட்டியில், கோட்டின் நடுவே தலைமுடி அகலத்துக்கு ஒரு வெட்டு. அங்கே மை இல்லை. ஓர் அட்டை வெள்ளைவெளேரென்று புதிதாக இருந்தது.

"நீலக்கரை அட்டை எங்கீங்க?" என்றார்.

ஷுக்கூர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்று நினைத்தேன்.

"ஆஹா!" என்று கத்தினேன். "பழைய அட்டையை உருவிட்டு, கோயம்புத்தூர் விடை வர்ற மாதிரி புதுசு சொருகியிருக்கான்மா! கான்ட்ராக்டர் ஆளு இவன்! மாரப்பன் சாரை மாட்டிவிட்டவன் இவன்தான்!"

அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். பையிலிருந்து ஓர் அட்டை கீழே விழுந்தது. தலையில் நீலக்கரை.

"விடுப்பா அவரை," என்றார் ஜானகியம்மாள். குனிந்து அட்டையை எடுத்தார். நீலக்கரையை விரலால் தடவிப் பார்த்தார். "இந்த மாதிரி அட்டை ஆபீஸ்ல கெடையாது. மாரப்பன் தகரத்துலதான் இருக்குது. இதுல ஓட்டை அடிச்சது அவருங்களா?"

ஷுக்கூர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அப்புறம் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

"போன வருஷம் பெருநாள் லீவுல நான் பாலக்காட்டுல இருந்தேங்க. அப்ப எண்ணூத்திப் பதினாலாம் நம்பர் அட்டை ஈரத்துல உப்பி, மெஷின்ல சிக்கிக் கிழிஞ்சுபோச்சு. ஒரு அட்டை இல்லேன்னா மொத்தக் கட்டும் ஓடாது. பம்பாய்ல இருந்த அமெரிக்கக் கம்பெனி ஆபீசுக்கு ட்ரங்க் கால் போட்டாங்க. அந்தக் கம்பைலரை விட்டு வருஷக்கணக்காச்சு, காப்பி எங்ககிட்டயே இல்லேன்னுட்டாங்க. மாரப்பன் சார் கிழிஞ்ச துண்டுங்களை ஒட்டிவச்சு, ஒவ்வொரு ஓட்டையா பாத்து, தன்னோட அட்டையில புதுசா அடிச்சாரு. ஒரு எடம் நைஞ்சுபோய்த் தெரியல. அதைப் பக்கத்து அட்டையைப் பாத்து யூகிச்சு அடிச்சிருக்காரு. கட்டு ஓடுச்சு. டெஸ்ட் கணக்கும் சரியா வந்துச்சு. நான் வந்ததும் தோளைத் தட்டி, துபாஷிக்கு உசிரு குடுத்துட்டேன் ஷுக்கூரேன்னு சிரிச்சாரு."

"யூகம் தப்புங்களா?"

"ஒரே ஒரு ஓட்டை தப்புங்க. சரிவு கம்மியான எடத்துக்கு விடை சரியா வரும். கயிறு செங்குத்தா ஏறுனா மட்டும் பத்துல ஒரு பங்கு பாரம் கொறஞ்சு வரும். டெஸ்ட் கணக்குல செங்குத்து கெடையாது. அதுக்கப்புறம் நாங்க செங்குத்தா போட்டது அந்த ஒரு ரோப்வேதான்."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன். என் குரலில் பழைய சூடு இல்லை.

"அந்தக் கிழிஞ்ச துண்டுங்களை நான் குப்பையில இருந்து எடுத்து, இங்க கொண்டுவந்து காயப் போட்டிருந்தேன். சும்மா ஒரு இதுக்கு. காஞ்சதும் உப்பல் எறங்கி, மூடியிருந்த ஓட்டை தெளிவாத் தெரிஞ்சிருக்கு. ஒரு வருஷமா இந்தத் தட்டுலயே கெடந்துச்சுங்க. நான் பாக்கல. ரோப்வே விழுந்த மறுநாள் சந்தேகப்பட்டு இங்க ஓடிவந்துதான் பாத்தேன்." கண்ணாடியைக் கழற்றினார். "சரியான அட்டை ஒண்ணு அடிச்சு, மூணாம் நாள் ரெண்டையும் ஓட்டிப் பாத்தேன். நீலக்கரையை வச்சா அவரு விடை. புதுசை வச்சா சரியான விடை. கட்டைத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"அட மடையா!" என்றேன். "நீலக்கரையோட கொண்டுபோய்க் குடுத்திருந்தா அன்னைக்கே அவரு வெளிய வந்திருப்பாருல்லா!"

"வந்திருப்பாருங்க. பொய்க்கணக்குக்காரன் இல்லேன்னு ஆயிருக்கும். தன் கையால அடிச்ச அட்டைதான் ரெண்டு பேரைக் கொன்னுச்சுன்னும் ஆயிருக்கும்." ஷுக்கூர் என்னை நேராகப் பார்த்தார். "உங்களுக்கு அவரைத் தெரியாது. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அவரு ஸ்கூட்டர்ல ஒரு ஆட்டுக்குட்டி அடிபட்டுச் செத்துச்சு. அன்னையில இருந்து அவரு ஸ்கூட்டரைத் தொடல. அந்த மழையில நடந்துதான் ஆபீஸ் வருவாரு. களவாணிப் பட்டம்னா கேஸ் நடத்துவாரு, அப்பீல் போவாரு. இது தெரிஞ்சா அந்த மனுஷன் உசிரோட இருக்க மாட்டாருங்க. எந்த அட்டையை வச்சாலும் அவரு போச்சு. நான் என்ன செய்வேன்?"

அடுப்பில் விறகு வெடித்தது.

"நான்தான் அந்த அட்டையை அடிச்சேன்னு சொல்லிடறேங்க," என்றார் திடீரென்று. "லீவுல இருந்தேன்னு யாரு பாக்கப் போறாங்க?"

"தம்பி!" என்று அலறினார் கௌலத். "உனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குடா!"

ஜானகியம்மாள் அட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. சாம்பல் குவியலில் குழந்தைச் செருப்பைக் கண்டவர் மாதிரி இருந்தார்.

"ஷுக்கூர் பாய்," என்றார். "மாரப்பன் ஜெயில் செவுத்துல ரெண்டு வாரம் கரியில கணக்குப் போட்டாரு. மூணு நாளைக்கு முந்தி கரித்துண்டை எறிஞ்சுட்டாரு. ஏன்னு நெனைக்கறீங்க?"

"சலிச்சுப்போயிருக்கும்."

"விடை கெடச்சிருச்சுங்க. கட்டுல எந்த எடத்துல தப்பு இருந்தா இந்த விடை வரும்னு பின்னாடியிருந்து போட்டுப் பாத்திருக்காரு. அதுக்கப்புறம் சம்சாரத்துகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லி அனுப்பிச்சாரு. நீலக்கரை அட்டையை யாரும் உருவிடாம பாத்துக்கச் சொல்லுன்னு. இவன் மச்சம்னான். நானும் அடையாளத்துக்குச் சொன்னாருன்னுதான் நெனச்சேன்." அட்டையை அவர் பக்கம் நீட்டினார். "அது அடையாளம் இல்லீங்க. அவரு எங்களைத் தேடச் சொன்னதே இதைத்தான். யாரு உருவுவாங்கன்னும் அவருக்குத் தெரிஞ்சிருக்குது."

ஷுக்கூர் அட்டையை வாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கௌலத் வந்து அவர் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்துக்கு முன் அவர் சட்டையைப் பிடித்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பைக்குள் விட்டுக்கொண்டேன். இப்படி ஒரு தடயத்தை நாங்கள் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பிறகு ஷுக்கூரே எழுந்தார். புது அட்டையை உருவி எடுத்துவிட்டு, நீலக்கரை அட்டையை எண்ணூற்றுப் பதினாலாம் இடத்தில் வைத்தார். ஊதாக் கோட்டுக்கு நடுவே நீலமாக ஒரு மெல்லிய கீற்று தெரிந்தது.

*

மறுநாள் பதினோரு மணிக்கு ஷுக்கூர்தான் மெஷினை ஓட்டினார். முதலில் கம்பைலர், அப்புறம் பிஸ்கட் தகரத்து அட்டைகள். ஆயிரத்து நூற்று நாற்பது அட்டையும் சிக்காமல் தடதடவென்று உள்ளே போயின. நன்றாகக் காய்ந்திருந்தன.

மெஷினோடு பூட்டியிருந்த டைப்ரைட்டர் விடையை அடித்தது. விசாரணை அதிகாரி தாளைக் கிழித்து, ஃபைலில் இருந்த மாரப்பனின் பழைய தாளோடு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

"அப்படியானால் போர்ஜரி இல்லை," என்றார்.

மயிலாத்தாள் ஜானகியம்மாளின் கையை நெரித்துப் பிடித்துக்கொண்டார். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்ற மாரப்பனுக்கு முப்பத்தெட்டு வயதுதான். ஐம்பது மாதிரி தெரிந்தார். அவர் விடையைப் பார்க்கவேயில்லை. மெஷினிலிருந்து வெளியே வந்து விழுந்த கட்டைத்தான் பார்த்தார்.

"கோயம்புத்தூரில் ஏன் வேறு விடை வந்தது?" என்றார் அதிகாரி. "இதில் ஒரு அட்டை மட்டும் நீலமாக இருக்கிறதே. அடித்தது யார்?"

ஷுக்கூர் அரை அடி முன்னால் வந்தார். மாரப்பன் கையை நீட்டி அவர் நெஞ்சில் வைத்து நிறுத்தினார்.

"நாந்தானுங்க," என்றார். "எழுதிக்கோங்க. அதுக்கு முந்தி கேட் வரைக்கும் போயிட்டு வரணும். கூட ஆளு அனுப்பினாலும் சரிங்க."

அதிகாரி போலீஸ்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். நாங்களும் பின்னால் போனோம். மழை வலுத்திருந்தது. மாரப்பன் குடை வாங்கிக்கொள்ளவில்லை. தகரக் கூரைக்கு வெளியே, ஸ்டூலுக்கு எதிரே போய் நின்றார்.

"சங்கையா, அந்தக் கணக்குத் தப்புங்க. தப்புப் பண்ணுனது நான். வேணும்னு பண்ணல. ஆனா என்ற கையாலதான் ஆச்சு. சுடலையும் கூடப் போனவரும் செத்தது அதனாலதான்."

கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் இருவருக்கும் நடுவே ஊற்றிக்கொண்டிருந்தது.

"அவன் பேரு தெரிஞ்சிருக்கு உங்களுக்கு," என்றார் சங்கையா. "நனையாதீக. உள்ள வந்து நில்லுங்க."

மாரப்பன் நகரவில்லை. சங்கையா சுவரில் மாட்டியிருந்த குடையை எடுத்து விரித்துக்கொண்டு, தானே மழைக்குள் இறங்கிப் போனார். மாரப்பன் தலைக்கு மேல் பிடித்தார்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீக சார்," என்றார். "நனையாதீகன்னுதான் சொன்னேன்."